பெட்டிக்குள் வைத்த டிஷ்யூ

கேமரா வாங்குவது எளிது சார். அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். கேமரா சுமாராக இருந்தால் படம் சுமாராக வரும், அவ்வளவுதான். பெட்டி சுமாராக இருந்தால் கேமராவே மிஞ்சாது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இங்கிருந்து தொடங்கினால்தான் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். எழுதி வரும் பவருக்கு லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது என் வேலை. பொருத்தியதும் பவரைச் சரிபார்ப்பேன். கூட்டில் போட்டு மூடியதும் சந்தேகம் வரும், வெளியே எடுத்து மறுபடி பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பலர் இதை ஒரு வியாதி மாதிரிப் பார்ப்பார்கள். அக்கா அப்படிப் பார்த்ததில்லை. அத்தானுக்கு முக்குளிப்பு கற்றுக்கொள்ளும் ஆசை வந்து, நீச்சல்குளத்தின் மாலை வகுப்பில் பெயர் கொடுத்தபோது, என்னையும் கூடச் சேர்த்துவிட்டவள் அக்காதான்.

“நீ கூட இருந்தா எனக்கு நிம்மதிடா. அவரு எதையும் பாக்க மாட்டாரு. நீ எல்லாத்தையும் ரெண்டு தடவ பாப்ப.”

அவள் சொன்னதில் தவறு ஏதும் இல்லை.

வகுப்பில் யாரும் தனியாகத் தண்ணீரில் இறங்கக்கூடாது. இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும். அதற்கு ஜோடி என்று பெயர். நானும் அத்தானும் ஒரு ஜோடி. இறங்கும் முன் ஒருவருடைய சாமான்களை மற்றவர் சரிபார்க்க வேண்டும். காற்று சிலிண்டர் முதுகில் இருப்பதால் அதன் வால்வை அவரவர் கண்ணால் பார்க்க முடியாது. ஜோடிதான் கைவைத்துத் திருகிப் பார்த்து, முழுக்கத் திறந்திருந்தால் தோளில் தட்டி ‘சரி’ என்று சொல்வார். அரைகுறையாகத் திறந்த வால்வு கரையில் நல்ல பிள்ளை மாதிரி காற்று கொடுக்கும், ஆழத்துக்குப் போனதும் கையை விரித்துவிடும் என்று எங்கள் மாஸ்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். அப்படி ஆனால் கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டுவது போலக் காட்ட வேண்டும். வாயில் வைத்துக் காற்று இழுக்க ஜோடியின் மார்பில் தொங்கும் இன்னொரு மவுத்பீஸ் அந்த நேரத்துக்கானது.

படம் எடுக்கும் பாடம் பிறகு வந்தது. மாஸ்டரின் அலமாரியில் இரண்டு விதமான பெட்டிகள் இருந்தன. பிளாஸ்டிக்கில் ஒன்று, கண்ணாடி போல உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். இன்னொன்று அலுமினியம், கனமானது, லென்ஸுக்கு முன்னால் மட்டும் ஒரு வட்ட ஜன்னல். எடுத்துப் போய்ச் சோதித்துப் பாருங்கள், பிடித்ததைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அத்தான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டார். பச்சைப் பிடி அழகாக இருக்கிறதாம்.

எனக்கு அப்படி முடியாது. பெட்டியின் உயிர் அதன் விளிம்பில் ஓடும் ரப்பர் வளையத்தில் இருக்கிறது. அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். நான் வளையத்தைக் கழற்றி, கட்டை விரலால் தடவிப் பார்த்து, கிரீஸ் பூசி மாட்டுவேன். கேமராவுக்குப் பதிலாக அதே எடைக்கு ஈயக்குண்டும், கசிந்தால் தெரிய அதற்கு மேல் மடித்த டிஷ்யூ ஒன்றும் வைத்து மூடுவேன். முதலில் குளியலறை வாளியில் முக்குவேன், பிறகு நீச்சல்குளத்தின் ஆழமான பக்கத்தில் இறக்குவேன். வெளியே எடுத்ததும் திறந்துவிடக் கூடாது. முதலில் கையைத் துடைக்க வேண்டும், தலையை நன்றாகத் துவட்ட வேண்டும். இல்லாவிட்டால் முடியிலிருந்து சொட்டுவதைப் பெட்டியின் கசிவு என்று நினைத்து ஒரு நல்ல பெட்டியைத் தள்ளிவிடுவோம். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு அது. நான் ஒருநாளும் செய்ததில்லை.

இரண்டு பெட்டிகளிலும் டிஷ்யூ காய்ந்தே இருந்தது. அதுதான் சிக்கல். இரண்டும் தேறிவிட்டால் எதை நம்புவது? மறுபடி வாளி, மறுபடி குளம். ஒரு நாள் உடைமாற்றும் அறையில் நான் வளையத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது அத்தான் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“மச்சான், நீ டப்பா பாக்குறியா, பொண்ணு பாக்குறியா?”

“பாவம் அந்தப் பொண்ணு. வாளியில முக்கி எடுத்துட்டுத்தான் சம்மதம் சொல்லுவான்” என்றார் வகுப்பிலேயே வயதில் மூத்த தச்சர். மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் வாளி. பெயர் வைத்தது அத்தான். வீட்டிலும் போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் அக்கா கதவைத் திறந்ததும் உள்ளே திரும்பி, “வாளி வந்திருக்கான், இன்னொரு தட்டு வைங்க” என்றாள். நானும் சிரித்தேன். அவர் நல்ல மனிதர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். அந்தச் சிரிப்புக்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. கேட்பீர்கள் என்று தெரிந்துதான் முன்னாலேயே சொல்கிறேன்.

எனக்குப் புரிந்தது வேறு. என் சோதனைகளில் எல்லாம் பெட்டியைப் பிடித்திருந்தது பதற்றமில்லாத கை. பதறுகிற கையில் இருக்கும்போது, பாறையில் மோதும்போது, பிடி நழுவும்போது அந்த மூடியும் வளையமும் என்ன ஆகும் என்று எந்த வாளியும் சொல்லாது. மாஸ்டரிடம் கேட்டேன்.

“உசுரு போற நேரத்துல டப்பாவ யாருப்பா பாப்பா? விட்டுட்டு மேல வா” என்றார்.

அது என் கேள்விக்குப் பதில் இல்லை. நானே பதறுவது போல நடித்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. எங்கே இடிக்க வேண்டும், எவ்வளவு இடிக்கலாம் என்று முன்கூட்டியே யோசித்துத்தான் கை போகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு மொத்தமும் பழைய கல்குவாரிக்குப் போனோம். குவாரியில் நிரம்பிய தண்ணீர், பச்சையாக, நல்ல ஆழம். அலுமினியப் பெட்டியில் ஈயக்குண்டையும் டிஷ்யூவையும் வைத்து மூடி, கீழே போகும்வரை பிடித்துக்கொள்ளும்படி அத்தானிடம் கொடுத்தேன். உள்ளே கேமரா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

“உன் டப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது மச்சான். என் பொறுப்பு” என்றார்.

பிறகு அவர் முதுகுப்பக்கம் போய் வால்வில் கைவைத்தேன். கொஞ்சம்தான் திறந்திருந்தது. காலையில் சோதித்துவிட்டு மூடும்போது பாதியில் யாரோ கூப்பிட்டிருப்பார்கள், அவர் வழக்கம் அப்படி. நான் அதை மூடவில்லை சார். எப்படி இருந்ததோ அப்படியே விட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அப்போது நினைத்தேன். தோளில் தட்டி ‘சரி’ என்றேன்.

என் எண்ணம் இதுதான். கீழே போனதும் கொஞ்சம் திணறுவார், கைகால் பதறும், பெட்டி படாத பாடு படும். நான் மவுத்பீஸைக் கொடுப்பேன், இருவரும் மேலே வருவோம். பெட்டியைத் திறந்து பார்ப்பேன். மாலையில் அவர் அதையும் ஒரு கதையாக்கி எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

மற்ற ஜோடிகளும் மாஸ்டரும் ஆழமில்லாத பக்கத்தில் இருந்தார்கள். நாங்கள் பாறைச் சுவரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கினோம். நான் எதிர்பார்த்த ஆழத்தில்தான் அவருக்குக் காற்று குறைந்தது. பெட்டி பாறையில் மோதியது. மூடியின் கொக்கி விடவில்லை, அதைக் கவனித்தேன். இன்னொரு முறை மோதியது. அவர் என்னைப் பார்த்துக் கையைக் கழுத்துக்குக் குறுக்கே காட்டினார். புரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், நன்றாகப் புரிந்தது. பாதியில் நிறுத்திய சோதனை செய்யாத சோதனைக்குச் சமம் என்றும் தோன்றியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெட்டியை விட்டிருக்கலாம். விடச் சொல்லித்தான் மாஸ்டர் பாடம் எடுத்திருந்தார். ஆனால் அத்தான் அதை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் நீட்டினார். உள்ளே என் கேமரா இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். வாயிலிருந்து குமிழி வருவது நின்றுவிட்டது, அப்போதும் நீட்டியபடி இருந்தார். மவுத்பீஸை எடுத்துக் கொடுக்க எனக்கு ஒரு கை வேண்டும். அந்தப் பெட்டியை வாங்க இரண்டு கையும் வேண்டும்.

நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

கை காலியானதும் மேலே நீந்தப் பார்த்தார். தாமதமாகிவிட்டது. நான் விதிப்படி மெதுவாக மேலே வந்தேன். வேகமாக வருவது ஆபத்து. விஷயத்தை மாஸ்டரிடம் சொன்னேன். அவரும் தச்சரும் உடனே இறங்கினார்கள். அவர்கள் அத்தானைத் தூக்கிவரும் நேரத்தில் நான் கரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். அதைத்தான் எல்லோரும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா மருத்துவமனை வராந்தாவில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “வால்வ பாத்தியாடா?”

“பாத்தேன்க்கா” என்றேன். அது உண்மை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘அப்ப உன் மேல தப்பு இல்ல’ என்று வந்தவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள். அதனால்தான் இன்று நானாக இங்கே வந்தேன். சரிபார்க்காத ஒன்றை அவள் நம்பிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வால்வைப் பார்த்தேன், குறை தெரிந்தது, தெரிந்தே ‘சரி’ என்றேன். காற்று கேட்டார், என்னிடம் இருந்தது, கொடுக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு இடத்தை மட்டும் நீங்கள் திருத்த வேண்டும். டிஷ்யூவின் ஒரு மூலை நனைந்திருந்தது, பெட்டி கசிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டி கசியவில்லை சார். அவ்வளவு அடி வாங்கியும் அது தாங்கியது. யார் கேட்டாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

நான் அன்றைக்குத் தலையைத் துவட்ட மறந்துவிட்டேன்.