மருமகள் தலைக்கு ஒரு நேர்த்திக்கடன்

விராலிமலைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒரு கர்ப்பிணியும் அவள் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“போன தடவை என் மாத்திரையை எருக்குழியில போட்டது நீங்க. தலைகூடச் சீவாமக் கெடக்குறா, சோம்பேறின்னு தெரு பூராச் சொன்னதும் நீங்கதான் அத்தை.”

கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“மெதுவாப் பேசுடி. வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னுதான…”

“புள்ளைக்கு ஆகுற மாத்திரையாத்தான் மாத்திக் குடுத்திருக்கேன், நிறுத்தினாத்தான் ஆபத்துன்னு டாக்டரம்மா ஒங்க முன்னாடிதானே சொன்னாங்க? ஒடம்பே தன் சதையத் தானே அரிக்கிற நோவு இது. போன தடவை நிறுத்துனதும் கை தோளுக்கு மேல ஏறல. வளைகாப்புல வளையல் போடக் கைய நீட்ட முடியாம ஒக்காந்திருந்தேன். கொழுப்புன்னீங்க. அடுத்த வாரமே கொறமாசத்துல பொறந்து, ஒரு வாய் பால் குடிக்காமப் போச்சு எம்புள்ள.”

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இந்தத் தடவை ஒண்ணும் ஆகாது. நல்லபடியாப் பொறந்தா மொட்டை போடுறதா முருகனுக்கு நேர்ந்திருக்கேன்.”

“யாருக்கு மொட்டை?”

“ஒனக்குத்தான்.”

மருமகள் மடியிலிருந்த பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, அவரைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் மெதுவாகத் தூக்கி, அவிழ்ந்திருந்த கொண்டையை இறுக்கி முடிந்தாள்.

“ஒங்க முடிய எறக்குங்க அத்தை. என் தலைய இப்ப நானே சீவிக்கிறேன்.”