பல்பு மாற்ற வந்தவர்

—அசையாதீங்கன்னா கேக்க மாட்டீங்களா?

—நான் எங்க அசைஞ்சேன்? மூச்சுதான் விட்டேன்.

—மூச்சு விட்டா மூஞ்சி மாறுமா? இப்பதான் வாயை வரைஞ்சு முடிச்சேன்... நிமிர்ந்து பாத்தா வேற யாரோ உக்காந்திருக்காங்க.

—யாரு?

—பேங்க் மேனேஜர் மாதிரி ஒருத்தர். அதுக்கு முன்னாடி ஒரு வீட்டு புரோக்கர். என் புருஷன் எங்க?

—அத்தனை வருஷம் உளவு பாத்த முகம்மா. யாராச்சும் உத்துப் பாத்தா தன்னால மாறிக்கும். தொட்டில் பழக்கம்...

—தொட்டில்லயேவா உளவு பாத்தீங்க?

—போடி...

—ஐயோ, இந்தச் சிரிப்பு! இது உங்களுது. அப்படியே இருங்க... ப்ச், போச்சு.

—ரப்பரைக் கீழ வை. அந்த வேலையத்தான் விட்டுட்டு வந்துட்டேன்ல? மெதுவா வரை.

—வந்துட்டீங்க. ஆனா இன்னும் வந்து சேரல. பக்கத்துல உக்காந்திருக்கறப்பவே உங்களைத் தேடுதுங்க எனக்கு.

—காட்டு, என்னதான் வரைஞ்சிருக்கேன்னு பாப்போம்.

—இந்தாங்க.

—என்னடி இது... முகமே இல்ல. காது மட்டும் தழும்போட அப்படியே இருக்கு!

—அதுக்கு உங்களைப் பாக்கணும்னே இல்ல. நீங்க வெளிநாட்டுல கிடந்த வருஷமெல்லாம் வரைஞ்சு வரைஞ்சு கை பழகிடுச்சு. காதுதான் எந்த வேஷத்துக்கும் மசியாது.

—ம்... ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

—விஷயத்தைச் சொல்லுங்க முதல்ல.

—நான் வெளிநாட்டுல இருந்தப்ப, இங்க உன் ஓவியக் கண்காட்சி ஒண்ணு நடந்துதே... அந்தப் பெரிய ஹால்ல?

—ஆமா.

—வந்திருந்தேன்.

—எங்க?

—ஏணி மேல. பல்பு மாத்தற ஆளா. உன்கிட்ட நெருங்கக் கூடாதுன்னு உத்தரவு. தெரிஞ்சா ரெண்டு பேருக்குமே ஆபத்து. ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னுதான்...

—ம்.

—நீ கீழ நின்னுக்கிட்டு, ‘அண்ணே, வெளிச்சம் கொஞ்சம் இடது பக்கம்’ங்கற.

—அண்ணேன்னா சொன்னேன்?

—உனக்குச் சிரிப்பா இருக்கு. கட்டின பொண்டாட்டி அண்ணேங்கறா... வேஷம் நல்லா இருக்குன்னு சந்தோஷப்படறதா, அழறதா? இவ்வளவு சீக்கிரம் மறந்துட்டாளேன்னு... இன்னிக்கு வரைக்கும் அது ஒரு முள்ளுதான்.

—அந்த மீசை சகிக்கல. தொப்பியவாவது கொஞ்சம் இறக்கி விட்டிருக்கலாம்.

—நான்... தொப்பின்னு சொல்லவே இல்லையே?

—காது தெரிஞ்சுதுங்க. அண்ணேன்னு வம்படியா சொன்னேன். இல்லன்னா வாய் தவறி ‘என்னங்க’ன்னு வந்திருக்கும்.

—தெரிஞ்சேவா... அப்புறம் ஏன் திரும்பிக்கூடப் பாக்காம நின்ன?

—பாத்திருந்தா விட்டிருப்பேனா? நீங்க போனதும், நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்த பல்பை நானே ஏணி போட்டுக் கழட்டி ஒளிச்சு வெச்சேன். பல்பு மாத்த ஆளை அனுப்புங்கன்னு சொன்னேன்... வேற யாரோ வந்தாருங்க.