வாசலில் கழற்றிய செருப்பு

ஜீவனஹள்ளியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள், கலபுரகிப் பக்கம் தோண்டியெடுத்த பழைய புத்த ஸ்தூபியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"செருப்பப் போட்டுக்கினே உள்ள போங்க, முள்ளு இருக்குதுன்னான்க்கா அந்த வாட்ச்மேன்."

"நம்ம புத்தர் எடத்துல செருப்பாடி?"

"இது கோயில் இல்லம்மா, வெறும் கல்லுதான்னான். உள்ள பாத்தா எல்லாரும் ஷூவோட நின்னு செல்ஃபி எடுக்கறாங்க. நானும் அவரும் கேட்டாண்டயே கழட்டி வெச்சிட்டு, வெறுங்கால்லதான் சுத்தி வந்தோம்."

"ஒண்ணும் சொல்லலியா அவன்?"

"சிரிச்சான். திரும்பி வந்தா, கேட்டாண்ட அத்தினி செருப்பு கெடக்குது. எங்களோடத தேடித்தான் எடுக்க வேண்டியதாப் போச்சுக்கா."