ரெண்டு பூட்டுக் கட்டடம்

கிருஷ்ணசாமி: கத்தாதய்யா! கத்துனா தெருவே கூடிரும்.

தேவதாஸ்: தெரு கூடுனாதான் தலைவரே கதவத் தொறந்து உடுவாங்க.

கிருஷ்ணசாமி: தொறந்துட்டு? உள்ள யாருன்னு பாக்க மாட்டாங்களா? பொம்பளைங்க கக்கூசுல ரெண்டு ஆம்பளைங்க. அதுவும் எப்படிப்பட்ட ஆளுங்க? ஒருத்தரு முனிசிபாலிட்டி பொது வசதிக் கமிட்டித் தலைவரு. இன்னொருத்தரு அதே கமிட்டி மெம்பரு.

தேவதாஸ்: கட்டி முடிச்சு எட்டு மாசம் ஆவுது. தொறப்பு விழாவே இன்னும் நடக்கல. தொறக்காத வரைக்கும் இது வெறும் கட்டடந்தான். இதுல ஆம்பள என்னா, பொம்பள என்னா?

கிருஷ்ணசாமி: வெளிச் சொவுத்துல ஆள் ஒசரத்துக்குப் பொம்பளப் படம் வரைஞ்சிருக்கு. அதுகிட்ட போய் சொல்லு இத... எல்லாம் உன்னாலதான். கதவ ஏன்யா சாத்துன?

தேவதாஸ்: நான் எங்க சாத்துனேன்? காத்துல சாத்திக்கிச்சு. வெளித் தாழ்ப்பா தானா வுழுந்துருச்சு.

கிருஷ்ணசாமி: தாழ்ப்பாள வெளியில வெச்ச கக்கூச எந்த ஊர்லயாவது பாத்திருக்கியா?

தேவதாஸ்: கதவத் திருப்பி மாட்டிட்டான் காண்ட்ராக்டரு. அத "வேலை பூரண திருப்தி"ன்னு கையெழுத்துப் போட்டு வாங்கனது யாரு?

கிருஷ்ணசாமி: ...கமிட்டி.

தேவதாஸ்: கமிட்டின்னா?

கிருஷ்ணசாமி: நாந்தான்யா! ஆனா ஆட்சேபிக்காம ஒக்காந்திருந்தவன் நீ.

தேவதாஸ்: எனக்கு அப்ப வாயில வடை.

கிருஷ்ணசாமி: மொதல்ல அந்தப் பின்பக்கப் பலகையில சாயாத. ஆடுது பாரு.

தேவதாஸ்: முட்டி வலிக்குது தலைவரே. சைகோன்ல குண்டு பட்ட முட்டி.

கிருஷ்ணசாமி: பிரெஞ்சுப் பட்டாளத்துல நீ வெங்காயம் உரிச்சது ஊருக்கே தெரியும். நகரு. பின்பக்கக் கதவெல்லாம் தண்டச் செலவு, பலகை வெச்சு அடைங்கன்னு சொன்னவனும் நீதான். அது பிச்சுக்கிட்டுப் போனா சர்க்கார் சொத்த சேதம் பண்ண கேசு வரும்.

தேவதாஸ்: மோன் தியே, கடவுளே! சரி, நின்னுக்கறேன்... தலைவரே, அந்தக் கோணியில என்னா? வந்ததுலேருந்து இடுப்புல புள்ள மாதிரி வெச்சிருக்கீங்க?

கிருஷ்ணசாமி: ஒண்ணுமில்ல. உன் பையில என்னா? அது ஏன் உன் தோள ஒரு பக்கமா இழுக்குது?

தேவதாஸ்: அது... ரொட்டி.

கிருஷ்ணசாமி: எறக்கி வை பாப்போம்.

தேவதாஸ்: அலோர்... அப்படின்னா நீங்க மொதல்ல வைங்க.

கிருஷ்ணசாமி: ஒண்ணா வெப்போம்... ம்... வெச்சாச்சு. யோவ், ரொட்டி ஏன்யா "டங்"குங்குது? கல்லு! "திறந்து வைத்தவர் முசியே தேவதாஸ், பிரெஞ்சு ராணுவ வீரர்." அடப்பாவி, மேல பிரெஞ்சுக் கொடி வேற செதுக்கியிருக்க. வெள்ளக்காரன் கப்பலேறி இருவது வருசம் ஆவுதுய்யா!

தேவதாஸ்: உங்க கல்லு மட்டும் என்னாவாம்? "திறந்து வைத்தவர் மாண்புமிகு கிருஷ்ணசாமி அவர்கள்." அடியில எறும்பு மாதிரி "மற்றும் கமிட்டியினர்." நான் மற்றுமா? கட்டடத்த சும்மா ஒரு பார்வை பாத்துட்டு வரலாம்னு கூப்புட்டது இதுக்குத்தானா?

கிருஷ்ணசாமி: நீயும் சும்மா பாக்கத்தான வந்த? சிமெண்ட்டுப் பொட்டலத்தோட!

தேவதாஸ்: நீங்க தனியா தொறந்துருவீங்கன்னுதான் நான் ஒரு பூட்டு போட்டேன்.

கிருஷ்ணசாமி: நீ தனியா தொறந்துருவன்னுதான் அதுக்கு முன்னாடியே நான் ஒரு பூட்டு போட்டேன்.

தேவதாஸ்: இப்ப ரெண்டு பூட்டும் நம்ம கையில. நாம உள்ள. நல்லா இருக்குது நிர்வாகம்... தலைவரே, இங்க பாருங்களேன். இந்த வாளியில தண்ணி இருக்கு.

கிருஷ்ணசாமி: மழைத் தண்ணியா இருக்கும்.

தேவதாஸ்: சித்திர மாசத்துல மழையா? மேல ஓடு வேற இருக்குது.

கிருஷ்ணசாமி: அப்ப காண்ட்ராக்டர் ஆளுங்க உட்டுட்டுப் போயிருப்பாங்க.

தேவதாஸ்: மாடத்துல மஞ்சக்கெழங்கு இருக்கு. காண்ட்ராக்டரு மஞ்சளா பூசிக்கறான்?

கிருஷ்ணசாமி: உஷ்! யாரோ வராங்க. மூச்சு உடாத.

கன்னியம்மாள்: உள்ள யாரு?

கிருஷ்ணசாமி: (ஏதாவது பேசுய்யா... பொம்பளக் கொரல்ல...)

தேவதாஸ்: நா...ந்தாம்மா... தனக்கொடி.

கன்னியம்மாள்: அப்படியா? இப்பத்தான் தனக்கொடி என்கிட்ட வெத்தல வாங்கிட்டு கருவடிக்குப்பத்துக்கு பஸ் ஏறப் போனா. அதுக்குள்ள ஆம்பளத் தொண்டையும் வந்துருச்சா அவளுக்கு?

தேவதாஸ்: சளிம்மா... சளி.

கன்னியம்மாள்: சளி புடிச்சவ சுருட்டு புடிக்கக் கூடாது பட்டாளத்து சொல்தா அண்ணே. நாத்தம் தெருமுனை வரைக்கும் வருது. கூட இருக்கறது தலைவரா?

கிருஷ்ணசாமி: ...யாரு, கன்னியம்மாளா? நல்லதாப் போச்சு. நம்ம கமிட்டி மெம்பரே வந்துட்டாங்க. தாழ்ப்பாள எடும்மா சீக்கிரம். மொத சங்கு ஊதறதுக்குள்ள போயிரணும். மில்லு ஷிப்டு உட்டா இந்தத் தெருவுல நிக்க எடம் இருக்காது.

கன்னியம்மாள்: எடுக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். நானும் மெம்பருதான?

கிருஷ்ணசாமி: அதுல என்னம்மா சந்தேகம்? கமிட்டிக்கே நீதான் லட்சுமி.

கன்னியம்மாள்: அப்ப என்னை ஏன் ஒரு கூட்டத்துக்குக்கூட கூப்புடல? கூட்டம் எங்கயோ நடக்குது. தீர்மானம் மட்டும் என் வூட்டு அடுப்பங்கரைக்கு வருது. மீன் செதிலு ஒட்டுன கையோட கையெழுத்து போடறேன். அதுல என்னா எழுதியிருக்குன்னு ஒருத்தன் படிச்சுக் காட்டனதில்ல.

தேவதாஸ்: நீங்க வேலையா இருப்பீங்களேன்னுதான்...

கன்னியம்மாள்: இப்ப வேலை இல்ல. மூணு பேரு இருந்தா கூட்டம் செல்லும்ல? நீங்க ரெண்டு பேரு உள்ள, நான் ஒருத்தி வெளியில. கமிட்டி கூடிருச்சு.

கிருஷ்ணசாமி: கக்கூசுலயா?

கன்னியம்மாள்: கக்கூசப் பத்திப் பேச வேற எங்க கூடறது?

கிருஷ்ணசாமி: அதெல்லாம் முடியாதும்மா. நோட்டீசு குடுக்கணும். அஜெண்டா வேணும். தலைவர் நாற்காலியில ஒக்காரணும்.

கன்னியம்மாள்: சரி, நாற்காலி எடுத்தாறேன். மூலக்குளத்துல எங்க அக்கா வூட்டுல ஒண்ணு இருக்கு. போயிட்டு சாயங்காலமா வரேன்.

தேவதாஸ்: போவாதீங்கம்மா! தலைவரே, கல்லு மேல ஒக்காருங்க. உங்க பேரு மேல நீங்க ஒக்கார்றதுல ஒரு தப்பும் இல்ல.

கிருஷ்ணசாமி: ...ஒக்காந்துட்டேன். சொல்லு.

கன்னியம்மாள்: மொத விசயம். தொறப்பு விழா கெடையாது. ரிப்பனும் வேணாம், பேண்டு வாத்தியமும் வேணாம். இது இன்னைலேருந்து தொறந்தாச்சு.

கிருஷ்ணசாமி: அதெப்படிம்மா? ஒரு மரியாதை வேணாமா கட்டடத்துக்கு?

கன்னியம்மாள்: கட்டடத்துக்கு மரியாதை பாக்கறீங்க. எங்களுக்கு யாரு பாத்தீங்க? விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடைக்கரைக்குப் போயி, எவனாவது வரானான்னு மாத்தி மாத்திக் காவல் காத்து... எனக்கு ஆத்திரமா வருது தலைவரே. ஏழு மாசப் புள்ளத்தாச்சி சந்திரகலா அந்தக் கரையிலதான் வழுக்கி வுழுந்தா. புள்ள தங்கனது எங்க நல்ல நேரம்.

கிருஷ்ணசாமி: அதுக்குக் கமிட்டி அனுதாபத் தீர்மானம் போட்டுச்சேம்மா.

கன்னியம்மாள்: போட்டீங்க. அதுலயும் யாரு பேரு மொதல்ல வரணும்னு சண்டை போட்டீங்க.

தேவதாஸ்: ...சண்டை போட்டது நெசந்தான் தலைவரே.

கிருஷ்ணசாமி: நீ யாரு பக்கம்யா?

தேவதாஸ்: எனக்கு வெளிப்பக்கம் போவணும், அவ்ளோதான். தொறந்தாச்சுங்கறதுக்கு நான் சம்மதம்.

கன்னியம்மாள்: நானும் சம்மதம். தலைவரு?

கிருஷ்ணசாமி: தலைவர் யோசிக்கறாரு.

கன்னியம்மாள்: யோசிங்க. மொத சங்கு ஊதுது, கேக்குதா?

கிருஷ்ணசாமி: ஏகமனதா நிறைவேறுதும்மா! கதவத் தொற!

கன்னியம்மாள்: அவசரப்படாதீங்க, ரெண்டாம் சங்குக்கு இன்னும் நேரம் இருக்கு. பூட்டு ரெண்டையும் சாவியோட கதவுக்கு அடியில தள்ளுங்க. கதவுதான் ஒரு சாண் குட்டையா இருக்கே.

தேவதாஸ்: இந்தாங்க, என்னுது.

கிருஷ்ணசாமி: ...என்னுது திண்டுக்கல் பூட்டும்மா. பத்திரம்.

கன்னியம்மாள்: எங்க ஆட்டுக்குட்டிக்கு வெச்சுக்கறேன். அடுத்தது தண்ணி. குழாய் உள்ள இருக்கு, தண்ணி தெருமுனையிலயே நிக்குது. ஏன்னு கேட்டா, விழா நடந்தாதான் வால்வு தொறக்கணும்னு தலைவர் உத்தரவாம். வாட்டர் ஒர்க்ஸ்ல வேல செய்யற பாவாடை அண்ணன் இப்ப வால்வுகிட்டதான் நிக்கறாரு. நான் கையக் காட்டுனா தொறந்துருவாரு. பின்னாடி "நான் சொல்லல"ன்னு அந்த மனுசன் தலையில கட்டக் கூடாது.

கிருஷ்ணசாமி: மாட்டேன்.

கன்னியம்மாள்: சத்தியமா?

கிருஷ்ணசாமி: எங்க இருக்கேன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா? இங்க ஒக்காந்து எந்த சாமி மேலம்மா சத்தியம் பண்றது?

கன்னியம்மாள்: உங்க தலைவர் பதவி மேல பண்ணுங்க.

கிருஷ்ணசாமி: ...சத்தியம்.

கன்னியம்மாள்: கடைசியா ஒண்ணு. அந்த ரெண்டு பேருக் கல்லும் இங்கயே இருக்கட்டும்.

கிருஷ்ணசாமி: பாத்தியா தேவதாசு! என்னதான் கோவம் இருந்தாலும் நம்ம சேவைக்கு ஒரு மதிப்பு...

கன்னியம்மாள்: குழாயடியில கால் வெக்கிற எடம் சகதி ஆவுது. போட்டு மிதிச்சுக்கலாம்.

தேவதாஸ்: சகதி ஆவுதா? உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

கன்னியம்மாள்: ...ஆவும்ல? தண்ணி வந்தா ஆவும்னு சொன்னேன். சரி, கையக் காட்டறேன்... பாவாடை அண்ணே! தலைவர் உத்தரவாயிருச்சு! தொறங்க!

கிருஷ்ணசாமி: ஒண்ணும் வரலையேய்யா.

தேவதாஸ்: கொர்ருனு சத்தம் வருது தலைவரே. குழாய் மூடித்தான் இருக்கான்னு பாக்கறேன்... இத எந்தப் பக்கம்... ஐயோ!

கிருஷ்ணசாமி: மூடுய்யா! மூடு!

தேவதாஸ்: திருகு கையோட வந்துருச்சு! காண்ட்ராக்டரு இத திருப்பி மாட்டல, மாட்டவே இல்ல! மோன் தியே... கண்ணு... கண்ணு...

கிருஷ்ணசாமி: என் பக்கம் திருப்பாத! வேட்டி! சலவ வேட்டிய்யா!

கன்னியம்மாள்: ஆ... வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு! அடி ஜெயம், கொடத்த எடுத்துக்கிட்டு வாடி!

கிருஷ்ணசாமி: கூப்புடாதம்மா! கதவ... கதவ...

கன்னியம்மாள்: இதோ தொறந்தாச்சு. வாங்க. பாத்து, வழுக்கும்.

தேவதாஸ்: மேர்சி... நன்றிம்மா. இந்த வெயில்ல இப்படி நனைஞ்சு போனா ஊரு என்னா கேக்கும்?

கன்னியம்மாள்: கமிட்டி நேர்ல வந்து குழாய ஆய்வு பண்ணுச்சுன்னு சொல்லுங்க. அது பொய்யும் இல்ல.

கிருஷ்ணசாமி: இரு. ஒரு விசயம் எனக்கு ஒதைக்குது. அந்த வேப்பமரத்தப் பாரு தேவதாசு. ஒரு எலை அசையுதா?

தேவதாஸ்: இல்லியே.

கிருஷ்ணசாமி: காத்தே இல்லாம கதவு எப்படி சாத்துச்சு? தாழ்ப்பா எப்படி வுழுந்துச்சு?

கன்னியம்மாள்: நாந்தான் போட்டேன்.

கிருஷ்ணசாமி: என்னாது!

கன்னியம்மாள்: ரெண்டு பேரும் கோணியும் பையுமா எதையோ தூக்கிக்கிட்டு வரத என் வெத்தலக் கடையிலேருந்து பாத்தேன். இத உட்டா கமிட்டிக் கூட்டமே நடக்காதுன்னு தாழ்ப்பாளப் போட்டுட்டேன்.

தேவதாஸ்: ரெண்டு வயசானவங்கள இப்படி அடைச்சுப் போட்டியே, மூச்சு முட்டி செத்திருந்தா? நேரா கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குத்தான் தூக்கியிருப்பாங்க! உனக்குக் கொஞ்சங்கூட பயமா இல்ல?

கன்னியம்மாள்: பயம் இல்லாமயா? தாழ்ப்பா போட்டதுலேருந்து சொவுத்தோரமா நின்னு நீங்க பேசறதக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். சந்திரகலா வுழுந்த மறுநாளே அந்தப் பின்பக்கப் பலகை ஆணியப் புடுங்கிட்டோம் அண்ணே. அன்னைலேருந்து தெருப் பொம்பளைங்க எல்லாம் அது வழியாத்தான் போய் வர்றோம், வெளியிலேருந்து தண்ணி தூக்கித் தூக்கித்தான் இடுப்பு ஒடிஞ்சுது. நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்தி சாஞ்சிருந்தா நேரா தெருவுல வந்து வுழுந்திருப்பீங்க... நல்ல வேளை, சாயாதன்னு தலைவர் தடுத்தாரு!