பின்னால் வரச்சொல்லும் அடி

இந்தக் காவல் நிலையத்துப் பார்லித் தண்ணீர் எங்கள் வீட்டில் போடுவது போலவே இருக்கிறது, ஐயா. கொஞ்சம் கருக வறுத்தால்தான் இந்த வாசனை வரும். தொண்டைக்கும் இதமாக இருக்கிறது. சொல்கிறேன்.

சூ-ஹோ எங்கள் நால்வர் குழுவில் ஜங்கு மத்தளம் வாசித்துக்கொண்டே ஆடியவன். நான் சேங்கண்டி. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஆனால் ஆட்டத்தை நடத்துவது அதுதான். தலையில் போட்ட தொப்பியில் கட்டிய நீள நாடா சுழலும்போது ஆடுகிறவனுக்கு எதுவும் கண்ணில் படாது. என் அடியைக் கேட்டுத்தான் திரும்புவான், நிற்பான், பின்னால் வருவான். யோசிக்கமாட்டான். யோசித்தால் தாளம் தப்பும்.

புது நிகழ்ச்சிக்கு அவன்தான் பொறுப்பு. மின்கிதார், வண்ண விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. சியோல் அரங்கில் அப்படித்தான் கேட்கிறார்கள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. இனிமே தாளத்த காதுக்குள்ளயே கம்ப்யூட்டர் குடுத்துடும். நீங்க ஓரமா அழகுக்கு நின்னா போதும்" என்றான்.

"அக்காவாவது சும்மா நிக்கிறதாவது! கையக் கட்டித்தான் போடணும்" என்றான் முரசடிக்கும் மன்-சிக்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேருந்தில் போகும்போதுதான் அவமானம் உறைத்தது.

நேற்று ஒத்திகைக்கு முன் சூ-ஹோ கிம்பாப் சோற்றுச் சுருள் வாங்கிவந்தான். எனக்குப் பிடிக்காது என்று உள்ளே இருந்த முள்ளங்கியை எடுத்துவிட்டுக் கொடுத்தான். "சாப்பிடுங்கக்கா, ரொம்ப எளச்சுட்டீங்க." சாப்பிட்டேன்.

கிதார்க்காரரைத் தூக்கிவர மேடை நடுவில் தளம் கீழே இறங்கும். அதற்குள் சூ-ஹோ சுழன்றபடி முன்னால் வந்துவிட வேண்டும். சரியாக வந்துவிட்டான். காதில் கருவி இருந்தது. நாடா அவனைச் சுற்றி வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் குழி திறந்திருந்தது.

நான் பின்னால் வரச்சொல்லும் அடியை அடித்தேன்.

அக்காவுக்குக் கை தவறியிருக்கும் என்று மன்-சிக் உங்களிடம் சொன்னானாம். நல்ல பையன். ஆனால் என் கை தவறவில்லை. ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள், எவ்வளவு சுத்தமான அடி என்று தெரியும். குழியைப் பார்த்துவிட்டுத்தான் அடித்தேன். விழுந்தால் பிழைக்கமாட்டான் என்றும் தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். காதுக்குள் கம்ப்யூட்டர் கத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் அவன் என் அடிக்குத்தான் காலெடுத்து வைத்தான். நான் இல்லாமல் முடியாது என்று கடைசியில் அவனே ஒத்துக்கொண்டுவிட்டான்.