ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே

அந்த ஃப்ரிட்ஜைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்க முடியுமா சார்? சொல்லாமல் கொள்ளாமல் டக்கென்று கிளம்புகிறது. ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுப் போகிறேன். சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். திருவேற்காட்டில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ரகுநாதன் ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவன் என்பார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். என் மேசைக்குப் பக்கத்திலேயே கம்ப்ரசர். காற்றை அழுத்தி டாங்கில் நிரப்பும் மெஷின் சார் அது. அதை யாரும் ஓட்ட வேண்டாம், ஒரு சுவிட்ச் பார்த்துக்கொள்ளும். காற்று செலவாகி மீட்டர் முள் ஆறுக்கு இறங்கினால் மோட்டார் தானாகக் கிளம்பும். எட்டுக்கு ஏறினால் தானாக நிற்கும். முள் ஏழில் இருக்கிறது என்று வையுங்கள். மோட்டார் ஓடுமா, ஓடாதா? முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது. கீழேயிருந்து ஏறி வந்த ஏழு என்றால் ஓடிக்கொண்டிருக்கும். மேலேயிருந்து இறங்கி வந்த ஏழு என்றால் சும்மா இருக்கும். அந்த இடைவெளி வேண்டும் சார். இல்லாவிட்டால் மோட்டார் நிமிஷத்துக்கு நிமிஷம் கிளம்பிக் கிளம்பி எரிந்துபோகும்.

எங்கள் ஃபிட்டர் கஜபதி அந்த இடைவெளியில்தான் வேலை பார்ப்பான். கம்ப்ரசர் பெல்ட் அடிக்கடி தளர்ந்துபோகும். மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஆனால் அணைத்தால் லேத்தெல்லாம் சேர்ந்து நிற்கும், முதலாளி கத்துவார். அதனால் மோட்டார் எட்டில் நின்றதும் குனிந்து பெல்ட்டை முறுக்குவான். "ஆறுக்கு எறங்கறதுக்குள்ள ஒரு டீயே குட்ச்சிட்டு வந்துடுவேன் மாமே" என்பான். பெல்ட்டை மூட வேண்டிய கம்பி வலை எப்போதும் சுவரில் சாய்ந்தே கிடக்கும்.

அவனுக்கு இன்னொரு பழக்கம். நான் வேலையில் மூழ்கியிருக்கும்போது பட்டறையின் அந்தக் கோடியில் நின்று, தூசி ஊதும் ஏர் கன்னை அழுத்திக் காற்றை இறக்குவான். மோட்டார் டக்கென்று கிளம்பும். நான் துள்ளி எழுவேன். "இன்னா மாமே, ஒன்னுக்கு வந்துட்ச்சா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கோபத்தில் எனக்கு இடைவெளி அதிகம்.

போன மாதம் என் மகள் நிஷா சாப்பாடு கொண்டுவந்தாள். நான் டப்பாவை வாங்குகிற நேரம் பார்த்து அதைச் செய்தான். சாம்பார் சாதம் தரையெல்லாம் கொட்டியது. நிஷா சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் அவனே வந்தான். "தப்பா எட்த்துக்காத மாமே. பாப்பா முன்னாடி பண்ணது தப்புதான். இனிமே பண்ண மாட்டேன்" என்று டீ வாங்கிக் கொடுத்தான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறில் கிளம்பிய மோட்டார் ஆறைத் தாண்டியதும் நின்றுவிடாது சார். எட்டு வரை ஓடித்தான் தீரும்.

திங்கட்கிழமை காலையில் பெல்ட் கீச்சிட்டது. கஜபதி ஸ்பானர் எடுக்கப் போனான். அந்தச் சுவிட்சுக்குள் ஒரு சின்னத் திருகு உண்டு, அதைத் திருப்பினால் இடைவெளி சுருங்கும். மூடியைக் கழற்றித் திருப்பினேன். எட்டில் நிற்பது மாறவில்லை. கிளம்புவது மட்டும் ஏழரைக்கு வந்துவிட்டது. அவனும் ஒரு தடவை திடுக்கிடட்டுமே என்றுதான் நினைத்தேன்.

மோட்டார் நின்றது. அவன் முள்ளைப் பார்த்துவிட்டுக் குனிந்தான். வழக்கம்போலக் கழுத்தைச் சுற்றித் துண்டு. நான் ஏர் கன்னால் மேசைத் தூசியை ஊதிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் மேசையில் தூசி இல்லை. வந்தவுடனே துடைத்திருந்தேன்.

முள் ஏழரையைத் தொட்டது. பெல்ட்டுக்குள் துண்டுதான் முதலில் போனது.

சிவப்பு ஸ்டாப் பட்டன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பயத்தில் கை ஓடவில்லை என்று அன்றைக்கு விசாரிக்க வந்த உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள், நிஷாவும் நம்பினாள். ரகுநாதனைத் தெரிந்த யார்தான் நம்ப மாட்டார்கள்? நானே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது என்னை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதோ, ஃப்ரிட்ஜ் மறுபடியும் கிளம்பிவிட்டது. என் கையைப் பாருங்கள், எப்படி நடுங்குகிறது. அன்றைக்குக் கம்ப்ரசர் கிளம்பியபோது இது நடுங்கவில்லை சார்.