நானா தூக்கிய கதவு

— தம்பி நிரோஷன், கதவு அடியில ஒரு சாண் விட்டிட்டு நிக்குதே. பூனை, நாய் எல்லாம் கராஜுக்க வந்து படுக்கும்.

— இன்னும் முடியலீங்க மிஸ். இந்தத் திருகாணிய ஒரு சுத்து சுத்துனா எறங்கிரும். ம், இப்ப ரிமோட்ட அமத்துங்க. பாத்தீங்களா, தரையில உக்காந்துருச்சு.

— ஓம், வடிவா மூடுது! இந்த மழைக்க கலஹாவில இருந்து பஸ் ஏறி வந்து செய்து தாறீங்கள். நல்லா இருப்பீங்கள், தம்பி.

— வேலைதானுங்களே மிஸ்.

— உங்களுக்கு வேலை. எனக்கு அப்பிடியில்லை. ஒரு பஸ் விபத்துக்குப் பிறகு எனக்கு இந்தச் செயற்கைக் கால்தான். கார் ஓடுவன், வகுப்பில நிண்டு படிப்பிப்பன். ஆனா குனிஞ்சு இந்தக் கதவைத் தூக்க மட்டும் ஏலாது. காலமையும் பின்னேரமும் பக்கத்து வீட்டு பாயிஸ் நானாதான், ஒரு சொந்த அண்ணன் மாதிரி, வந்து தூக்கி விடுறவர்.

— தெனமுமா?

— தினமும்தான். நோன்பு காலத்திலயும் தவறினதில்லை. அவரின்ர மனுசி அஸீமா செத்த கிழமையும் வந்து நிண்டவர். நான் காருக்குள்ள இருந்து அழுதிட்டன். இனியும் அந்த மனுசனுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டுதான் இந்த மோட்டார்.

— கொடையோட ஒருத்தர் வர்றாரே, அவருங்களா?

— அவரேதான். நானா, வாங்கோ, வாங்கோ! இனி நீங்கள் இந்தக் கதவைத் தொடவே தேவையில்லை. பாருங்கோ, எப்பிடி ஏறுதெண்டு!

— மாஷா அல்லாஹ், நல்லா இரிக்கி தங்கச்சி. ஆனா மகன், நீங்கதானே மோட்டார் பூட்டுற, இந்த அம்பிட்டிய மேட்டுல ஒரு மழைக்கே கரண்ட் போகும். அப்ப என்ன செய்ற?

— மோட்டாருக்குள்ளயே பேட்டரி இருக்குங்க நானா.

— வாய்ப்பேச்சு வாணாம். மெயின் சுவிச்ச ஓப் பண்ணிக் காட்டுங்க.

— சரிங்க... இந்தா, ஓப். பாருங்க, தொறக்குது.

— பேட்டரியும் செத்துப் போனா?

— இந்தச் செவப்புக் கயித்த இழுத்தா மோட்டார விட்டுக் கதவு கழண்டுரும். கையால தூக்கிக்கலாம்.

— தங்கச்சிக்குத்தான் குனியேலாதே! அப்ப என்னத்துக்கு இந்த மோட்டார்?

— நானா, தம்பியோட கோவியாதேங்கோ.

— கோவமில்ல தங்கச்சி. கேக்கிறதக் கேக்கத்தானே வேணும்.

— நானா சொல்றது நியாயந்தாங்க மிஸ். ஸ்ப்ரிங்க இன்னுங் கொஞ்சம் இறுக்குறேன், பாரம் தெரியாது. இடுப்பு ஒசரத்துல ஒரு கைப்பிடியும் பூட்டித் தர்றேன். ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க... ஆச்சு. கயித்த இழுத்துக் கதவ எறக்கி வச்சிருக்கேன். வாங்க மிஸ், ஒத்தக் கையால தூக்கிப் பாருங்க.

— பொறுங்கோ. ஐயோ, ஏறுது! நானே தூக்கிட்டன்! நானா, பாத்தனீங்களே? ஒருத்தரும் இல்லாம நானே...

— பாத்தன், பாத்தன். கண்ணத் தொடச்சிக்கொள்ளுங்க. மகன், இன்னொண்டு. அவ அடியில நிக்கக்குள்ள கதவு எறங்கினா?

— எதுலயாவது பட்டா திரும்ப மேல போயிரும். மோட்டார மறுபடி மாட்டிட்டு, இந்தப் பலகைத் துண்ட வச்சுக் காட்டுறேன். பாத்தீங்களா?

— பலகைக்கு நோவு தெரியாது. திரும்ப எறக்குங்க, எண்ட கைய வெக்கிறன்.

— நானா! உங்களுக்கென்ன விசரே? எடுங்கோ கையை!

— சும்மா இரிங்க தங்கச்சி... ம். தொட்ட ஒடனே போகுது. நோவே இல்ல. அல்ஹம்துலில்லாஹ்.

— நானா, ஒண்டு கேட்டால் மறைக்காமச் சொல்லுங்கோ. உங்களைக் கேளாம இதைப் போட்டதில மனம் நொந்து போனீங்களோ? நீங்கள் வேண்டாமெண்டு போடேல்லை. நீங்கள் செய்ததுக்கு நான் எந்த வாயால நன்றி சொல்லுறது...

— நன்றி நான்தான் சொல்லணும், ஒங்களுக்கும் இந்த மகனுக்கும். அஸீமா மௌத்தான நாள்லேந்து புத்தளத்தில இரிக்கிற மகள், "வாப்பா, எங்களோட வந்து இரிங்க" எண்டு அழுதழுது கூப்பிடுறா. தங்கச்சிக்கு யாரு கதவத் தூக்குற எண்டுதான் போகாம இருந்தன், இனிப் பயமில்லாமப் போகேலும்.